“வாக்கிங் போயிட்டு வர்றேன்!” – 146 நாள்கள் நடந்த கேட்வுட் பாட்டி

1955-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வசித்த எம்மா கேட்வுட், நடக்கப் போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எங்கே, எவ்வளவு தூரம் என்று அவர் சொல்லவில்லை. பிள்ளைகளும் துருவிக் கேட்கவில்லை. அம்மாவுக்கு 67 வயது. 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 23 பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி. தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவரா என்ன?

அம்மா எங்கே இருக்கிறார் என்ற விவரம் வீட்டாருக்குத் தெரியவந்தபோது, அவர் 1,300 கிலோமீட்டர் போல நடந்து முடித்திருந்தார். இன்னும் 2,000 கிலோமீட்டர் பாக்கி இருந்தது!

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வடக்கு தெற்காக நீண்டு கிடப்பது அப்பலாச்சியன் மலைத்தொடர். அந்த மலைகளின் முதுகிலேயே நடந்துபோகும்படி ஒரு காட்டுப்பாதை அமைக்கலாம் என்று 1921-ல் பென்டன் மெக்காய் என்பவர் யோசனை சொன்னார். பல மலையேற்றச் சங்கங்களின் தன்னார்வலர்கள் வெட்டித் திருத்தி, 1937-ல் அந்தப் பாதையை முழுதாக இணைத்தார்கள். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் மாநிலத்தில் முடியும் இந்தப் பாதை 14 மாநிலங்களைக் கடக்கிறது. பெயர், அப்பலாச்சியன் டிரெயில். அன்றைய நீளம் சுமார் 3,300 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகும் தூரத்தைவிட அதிகம். அதுவும் சமவெளி இல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போக வேண்டிய மலைக்காடு.

இந்தப் பாதை முழுவதையும் ஒரே மூச்சில் நடக்க முடியும் என்பதே 1948 வரை யாருக்கும் நிச்சயமில்லை. ஏர்ல் ஷாஃபர் என்ற முன்னாள் ராணுவ வீரர்தான் அந்த ஆண்டில் முதலில் அதைச் செய்து காட்டினார். 1952-ல் மில்ட்ரெட் நார்மன் என்ற பெண்மணி ஒரு துணையோடு நடந்து முடித்தார். ஒரு பெண், தன்னந்தனியாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை... அதை முதலில் செய்தவர் எம்மா பாட்டிதான்.

மரவீட்டில் பிறந்தவர்

எம்மா பிறந்தது 1887 அக்டோபர் 25-ல், ஒஹையோவின் காலியா கவுன்டி என்ற கிராமப்புறத்தில். கூடப் பிறந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 15 பிள்ளைகள். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு. ஒரு கட்டிலில் நான்கு பேர் படுக்க வேண்டும். அப்பா, உள்நாட்டுப் போரில் பட்ட காயத்தால் ஒரு காலை இழந்தவர். குடியும் சூதாட்டமும் வேறு. பண்ணை வேலையெல்லாம் அம்மா தலையிலும் பிள்ளைகள் தலையிலும்தான் விழுந்தது. எம்மாவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது.

படிப்புதான் நின்றதே தவிர, வாசிப்பு நிற்கவில்லை. கலைக்களஞ்சியம் கையில் கிடைத்தால் அதையும் படிப்பார். கிரேக்கக் காவியங்களையும் படிப்பார். காட்டில் எந்தச் செடியைத் தின்னலாம், எது மருந்து என்பதைப் பழகித் தெரிந்துகொண்டார். சொந்தமாகக் கவிதையும் எழுதுவார்.

1907-ல், 19 வயதில் கல்யாணம். மாப்பிள்ளை பி.சி.கேட்வுட், பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிறகு புகையிலை விவசாயம். ‘வாத்தியார் மாப்பிள்ளை’ என்றால் ஊரில் மரியாதைக்கு என்ன குறை? ஆனால், வீட்டுக்குள் நடந்தது வேறு. வீட்டு வேலை போதாதென்று வேலி கட்டுவது, சிமென்ட் கலப்பது என்று எல்லாவற்றையும் எம்மாவின் தலையில் கட்டினார். கல்யாணமான சில மாதங்களிலேயே கை நீட்ட ஆரம்பித்துவிட்டார். அந்த அடி 30 ஆண்டுகளுக்கு மேல் நிற்கவில்லை. உயிர் போய்விடும் என்ற அளவுக்கு அடிபட்ட நாள்களும் உண்டு.

நம் ஊரில் புருஷன் அடித்தால் பெண்கள் பிறந்த வீட்டுக்கு ஓடுவார்கள். எம்மா ஓடியது காட்டுக்கு. வீட்டில் சத்தம் எழும்போது மரங்களுக்கிடையே போய் உட்கார்ந்துகொள்வார். மனம் அமைதியானதும் திரும்பி வருவார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் போய், பூக்களின் பெயர்களையும் மூலிகைகளின் பயனையும் சொல்லிக் கொடுப்பதும் உண்டு. இயற்கையை ரசிப்பது என்பது அவருக்குப் பொழுதுபோக்காக ஆரம்பிக்கவில்லை. அடிபடாமல் இருக்க அவருக்கு இருந்த ஒரே இடம் அது.

அடி வாங்கியவருக்கே சிறை

1937-ல் எம்மா பொறுக்க முடியாமல், கலிஃபோர்னியாவில் இருந்த சொந்தக்காரர்களிடம் போய்விட்டார். பெரிய பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். சின்னஞ்சிறு பெண்கள் இருவரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. எங்கே இருக்கிறோம் என்று கணவர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால், மகள்களுக்கு எழுதிய கடிதத்தில் முகவரிகூடப் போடவில்லை. ஒரு தாய்க்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை! பெண்களைப் பிரிந்து இருக்க முடியாமல் திரும்பி வந்தார். அடியும் திரும்பி வந்தது.

அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவதாகக் கணவர் மிரட்டினார். அந்தக் காலத்தில் அது வெறும் மிரட்டல் இல்லை. கணவர் சொன்னால் நடக்கக்கூடிய காரியம்.

1939-ல் ஒரு சண்டை. எம்மா, கையில் கிடைத்த மாவுப் பையைத் தூக்கிக் கணவர்மேல் எறிந்தார். போலீஸ் வந்தது. யாரைப் பிடித்துப் போனார்கள் தெரியுமா? பல் உடைந்து, விலா எலும்பு விரிசல் கண்டு, முகம் வீங்கி நின்ற எம்மாவை! அந்தச் சின்ன ஊரின் மேயர், சிறையில் இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வேறு சாட்சி எதுவும் தேவைப்படவில்லை. அவரைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போய்ப் பாதுகாப்பாகத் தங்க வைத்தார்.

1941-ல் விவாகரத்து கிடைத்தது. ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு விவாகரத்து என்பது அமெரிக்காவிலும் அன்றைக்குச் சுலபமாக இருக்கவில்லை. அப்போது எம்மாவுக்கு 53 வயது. மீதமிருந்த பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். ஒவ்வொருவராகக் குடும்பம், வேலை என்று கிளம்பிப் போனார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக, யாருக்கும் சமைக்க வேண்டாம், யாருக்கும் பயப்பட வேண்டாம் என்ற காலம் எம்மாவுக்கு வந்தது.

ஒரு பழைய பத்திரிகை

அந்த நேரத்தில்தான் ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ பத்திரிகையின் 1949 ஆகஸ்ட் இதழ் அவர் கையில் கிடைத்தது. அப்பலாச்சியன் டிரெயில் பற்றி வண்ணப் படங்களோடு பெரிய கட்டுரை. பாதை நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒரு தங்கும் குடில் இருக்கிறது என்ற தொனியில் இருந்தது அது. எந்தப் பெண்ணும் அதைத் தனியாக முழுதாக நடந்து முடித்ததில்லை என்பது தெரிந்ததும், எம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது.

1954 ஜூலையில் யாரிடமும் சொல்லாமல் முதல் முயற்சி. வடக்கு முனையான கட்டாடின் மலையிலிருந்து தெற்கு நோக்கிக் கிளம்பினார். சில நாள்களிலேயே வழி தவறியது. மூக்குக்கண்ணாடி உடைந்தது. கொண்டுபோன சாப்பாடு தீர்ந்தது. தேடி வந்த வனக்காவலர்கள், “வீட்டுக்குப் போங்க” என்கிற ரீதியில் புத்தி சொல்லி அனுப்பிவைத்தார்கள். எம்மாவும் வீட்டுக்குப் போனார். இந்தத் தோல்வியைப் பற்றி வெளியே மூச்சுவிடவில்லை. மறு ஆண்டு எங்கே போகிறார் என்பதைப் பிள்ளைகளிடம் ஏன் சொல்லவில்லை என்பது இப்போது புரிகிறதல்லவா? சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா!

பையில் என்ன இருந்தது?

1955 மே 3. இந்த முறை தெற்கு முனையில், ஜார்ஜியாவின் ஓகல்தார்ப் மலையிலிருந்து நடை தொடங்கியது.

இன்று மலையேற்றம் போகிறவர்கள் கூடாரம், தூங்கும் பை, விலையுயர்ந்த பூட்ஸ், ஜி.பி.எஸ் என்று கடையையே முதுகில் சுமக்கிறார்கள். எம்மா பாட்டியிடம் இருந்தது, ஜீன்ஸ் துணியில் அவரே தைத்த ஒரு சுருக்குப் பை. அதை ஒரு தோளில் போட்டுக்கொள்வார். மொத்த எடை ஒன்பது கிலோவைத் தாண்டாது. உள்ளே ஒரு போர்வை, மழைக்கோட்டு, பாத்ரூமில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்று. மழை பெய்தால் அந்தத் திரைதான் கூரை. டப்பாவில் அடைத்த சாசேஜ், உலர்திராட்சை, வேர்க்கடலை, வெந்நீரில் கரைக்கும் சூப் கட்டி. பேண்ட்-எய்ட், அயோடின், ஒரு விக்ஸ் டப்பா. (உலகத்தில் எந்தப் பாட்டியின் பையில்தான் விக்ஸ் இல்லை?) கத்தி, டார்ச், குறிப்பெழுத ஒரு சின்ன நோட்டு. வழியில் ஊருக்குள் போக நேர்ந்தால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமே... அதற்கென ஒரு கவுனும் மடித்து வைத்திருந்தார்.

காலில் சாதாரண கெட்ஸ் கான்வாஸ் ஷூ. பயணம் முடிவதற்குள் ஆறேழு ஜோடி தேய்ந்து கிழிந்தன.

குறைந்த சுமையோடு நடப்பதை இப்போது ‘அல்ட்ராலைட்’ என்று தனிக் கலையாகவே பேசுகிறார்கள். அதன் முன்னோடி என்று எம்மாவைக் கொண்டாடுபவர்களும் உண்டு. அவருக்கு அந்தச் சொல்லே தெரிந்திருக்காது. பண்ணை வீட்டில் பதினொரு பிள்ளைகளை வளர்த்தவருக்கு, எது இல்லாமல் சமாளிக்கலாம் என்பது தெரியும். அவ்வளவுதான்.

கட்டுரையில் இல்லாத பாதை

பத்திரிகையில் படித்த பாதை வேறு, காலுக்குக் கீழே இருந்த பாதை வேறு. மரங்கள் விழுந்து வழியை மறித்துக் கிடந்தன. சில இடங்களில் முள்ளும் புதரும் மண்டி, பாதை எது என்றே தெரியவில்லை. தங்கலாம் என்று எண்ணிப் போன குடில்களில் சில இடிந்து கிடந்தன. இரவில் எம்மா கிடைத்த இடத்தில் படுத்தார். சருகைக் குவித்து மெத்தையாக்கினார். குளிரினால் தூக்கம் வராத இரவுகளில் தட்டைக் கற்களை நெருப்பில் காய்ச்சி அதன்மேல் படுத்தார். பிக்னிக் மேஜைமேல்கூடத் தூங்கியிருக்கிறார். பாம்புகளையும் பார்த்தார். பையில் இருந்த சாப்பாடு குறைந்தபோது, சிறுவயதில் கற்ற பாடம் கைகொடுத்தது. காட்டுப் பழங்களும் கீரைகளும் அவருக்கு வழியெல்லாம் கிடைத்தன.

வழியில் இருந்த வீடுகளின் கதவையும் தட்டினார். பலர் உள்ளே அழைத்துச் சாப்பாடு போட்டு, படுக்கை கொடுத்தார்கள். சிலர், கான்வாஸ் ஷூவும் துணிப்பையுமாக நின்ற கிழவியைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கதவை மூடினார்கள். எம்மா அடுத்த வீட்டைப் பார்த்து நடந்தார்.

வர்ஜீனியாவைக் கடக்கும்போது உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அவரைக் கண்டுபிடித்துவிட்டது. செய்தி பரவியது. ஊருக்கு ஊர் நிருபர்கள் காத்திருந்து பேட்டி எடுத்தார்கள். ‘கேட்வுட் பாட்டி’ என்ற பெயர் நாடு முழுவதும் நிலைத்தது. ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகையும் எழுதியது. எதற்காக நடக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, ஜாலியாக இருக்கும் என்று தோன்றியது என்கிற மாதிரி பதில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். கணவரைப் பற்றிக் கேட்டவர்களிடம் தான் விதவை என்றார். உண்மையில் முன்னாள் கணவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். அந்தப் பொய்யை யார்தான் குற்றம் சொல்வார்கள்? 30 ஆண்டுக் கதையை நிருபரிடம் நடுரோட்டில் நின்று சொல்லவா முடியும்?

ஆகஸ்ட் மாதத்தில் கோனி, டயான் என்று இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்து வந்தன. கிழக்கு மாநிலங்களில் பெருவெள்ளம், நிறைய உயிர்ச்சேதம். எம்மா அந்த மழைக்குள்ளேதான் நடந்துகொண்டிருந்தார். வெர்மான்ட் மாநிலத்தில் கிளாரெண்டன் என்ற இடத்தில் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. நீச்சல் தெரிந்தவர்களே தயங்கும் நீரோட்டம். அந்த வழியே நடந்து வந்த இரண்டு கடற்படை இளைஞர்கள், பாட்டியைக் கயிற்றால் தங்களோடு சேர்த்துக் கட்டி, நடுவில் நிறுத்தி, அக்கரை சேர்த்தார்கள்.

மூக்குக்கண்ணாடி மறுபடி உடைந்தது. முழங்கால் சுளுக்கிக்கொண்டது. கடைசிக் கட்டத்தில் குளிர் வேறு. செப்டம்பர் 25-ம் தேதி, 1,600 மீட்டர் உயரமுள்ள கட்டாடின் உச்சியில் அவர் நின்றார். 146-வது நாள். சராசரியாக நாளுக்கு 22 கிலோமீட்டர். உடம்பில் பத்துக் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. நாட்டைப் பற்றிய ஒரு பாட்டை உச்சியிலிருந்து பாடினார். கேட்க யாரும் இல்லை.

முடித்த கையோடு பாதையின் லட்சணத்தைப் பற்றி நிருபர்களிடம் பொரிந்து தள்ளினார். இப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் கிளம்பியே இருக்கமாட்டேன், கிளம்பிய பிறகு பாதியில் விட மனசில்லை என்பது அவர் பேச்சின் சாரம். ஊர்ப் பாட்டி ஒருவர் இப்படி நாடறியக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? பல இடங்களில் பாதையைச் சீரமைக்கும் வேலை சூடுபிடித்ததற்கு அவர் பேச்சும் ஒரு காரணம் என்கிறார்கள்.

ஒரு தடவை போதாது

அத்தனை திட்டியவர், 1957-ல் மறுபடி அதே பாதையை முழுதாக நடந்தார்! பிறகு பகுதி பகுதியாக நடந்து 1964-ல் மூன்றாவது முறையும் முடித்தார். மூன்று முறை அந்தப் பாதையை முடித்த முதல் மனிதர் அவரே. ஆண், பெண் இருபாலரிலும்.

நடுவில் 1959-ல் இன்னொரு நடை. பழைய காலத்தில் மாட்டுவண்டிகளில் குடும்பம் குடும்பமாக மேற்கே போனவர்களின் ஒரிகன் டிரெயில் வழியாக, மிசௌரியிலிருந்து போர்ட்லாண்ட் நகரம் வரை 3,200 கிலோமீட்டர் போல, 95 நாள்களில். அப்போது வயது 71. நிழலே இல்லாத சாலைகள் என்பதால் கையில் ஒரு குடை. போர்ட்லாண்டில் பெருங்கூட்டம் கூடி வரவேற்றது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் தோன்றினார். புகழ் அவருக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால், கேமரா அணைந்ததும் அவர் தேடிப்போனது காட்டைத்தான்.

சாதனைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவர் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் சொந்த ஊரில் செய்த வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒஹையோ மாநிலத்தைச் சுற்றி ‘பக்கை டிரெயில்’ என்ற நடைப்பாதையை உருவாக்க 1959-ல் தொடங்கிய முயற்சியில் ஆரம்பத்திலிருந்தே அவர் இருந்தார். தான் பிறந்த காலியா கவுன்டியில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் பாதையைக் குறித்துச் சீர்செய்தார். 80 வயதைத் தாண்டிய பிறகும் புதர் வெட்டி, மரங்களில் வழிக்குறியிட்டுக்கொண்டிருந்தார். அடி தாங்காமல் ஒளிந்த அதே ஊர்க் காட்டுப்புறத்தில், பிறர் பயமில்லாமல் நடக்க வழி போட்டார்.

1973 ஜூன் 4-ம் தேதி, 85 வயதில் எம்மா காலமானார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புகூட பஸ் டிக்கெட் எடுத்துக்கொண்டு நாட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லறைக் கல்லில் பெயருக்குக் கீழே பட்டமோ சாதனையோ இல்லை. ‘பாட்டி’ என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

கணவரின் கொடுமை பற்றி வெளியுலகத்துக்கு விரிவாகத் தெரியவந்தது, அவர் இறந்து 40 ஆண்டுகளுக்குப் பிறகுதான். 2014-ல் பென் மான்ட்கோமெரி என்ற பத்திரிகையாளர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில், அவருடைய டைரிகளும் கடிதங்களும் பிள்ளைகளின் நினைவுகளும் இடம்பெற்றன. அம்மா வாயைத் திறந்து சொல்லாததை, முதுமையில் இருந்த பிள்ளைகள் சொன்னார்கள். அதைப் படித்துவிட்டு அந்தக் கான்வாஸ் ஷூ படங்களைப் பார்த்தால், சிரிப்பு மூட்டிய பாட்டி வேறு ஒருவராகத் தெரிகிறார்.

ஒஹையோவின் ஹாக்கிங் ஹில்ஸ் வனப்பகுதியில், மணற்பாறைக் குகைகளுக்கும் அருவிகளுக்கும் நடுவே பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பாதைக்கு எம்மாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1960-களின் நடுவில் அங்கே தொடங்கிய குளிர்கால நடைப்பயணம், இப்போதும் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. முதுமையில் எம்மாவே முன்னால் நின்று கூட்டிப்போன நடை அது. அருவி நீர் உறைந்து தொங்கும் அந்தக் குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பாட்டிகளும் அதில் உண்டு. பாதி வழியில் எல்லோருக்கும் சுடச்சுட பீன்ஸ் சூப் கொடுக்கிறார்கள்.